முதல் டெலஸ்கோப்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

டெலஸ்கோப்பை வெளியே எடுத்து வைத்தால் பத்து நிமிடத்தில் நாலு பேர் கூடிவிடுவார்கள். முதலில் "எவ்வளவு தூரம் தெரியும்?" என்பார்கள். அடுத்த வாரம் "நானும் ஒன்று வாங்கலாம் என்று இருக்கிறேன், எதை வாங்க?" என்று வருவார்கள். வாங்கி இரண்டு வாரம் கழித்து "ஒன்றுமே தெரியவில்லையே" என்று போன் வரும். பல வருடமாக இதே வரிசைதான். ஆளாளுக்குச் சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

வானத்தைப் பத்தி ஒண்ணுமே தெரியாது. நேரா டெலஸ்கோப்பே வாங்கிடலாமா?

வாங்கலாம், தப்பில்லை. ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். டெலஸ்கோப் காட்டுவது வானத்தின் மிகச் சிறிய துண்டை. மிகக் குறைந்த உருப்பெருக்கத்தில்கூட, நான்கு முழுநிலாக்களை வரிசையாக ஒட்டிவைத்தால் எவ்வளவு அகலமோ அவ்வளவுதான் தெரியும். எங்கே திருப்புவது என்று தெரியாவிட்டால், சாவித்துவாரம் வழியாக இருட்டு அறையில் பொருள் தேடுவது போலத்தான்.

அதனால் முதல் ஒரு மாதம் வெறும் கண்ணால் பாருங்கள். ஓரியன் என்ற நட்சத்திரக் கூட்டத்தில் ஆரம்பிப்பது எளிது. ஒரே கோட்டில் நெருக்கமாக நிற்கும் மூன்று நட்சத்திரங்கள் அதன் இடுப்புக் கச்சை. கச்சைக்கு ஒரு பக்கம் சிவந்த திருவாதிரை, எதிர்ப்பக்கம் வெள்ளையாக ரைஜல். கச்சைக் கோட்டை ஒரு திசையில் நீட்டினால் வானத்திலேயே அதிகம் ஒளிரும் நட்சத்திரமான சிரியஸ் வரும். மறு திசையில் நீட்டினால் ரோகிணி, அதையும் தாண்டினால் கார்த்திகைக் கொத்து. இப்படி ஒன்றைப் பிடித்து அடுத்ததற்குப் போகும் பழக்கம் பிறகு டெலஸ்கோப்பில் அப்படியே கைகொடுக்கும். கையை நீட்டி முஷ்டி மடக்கினால் அதன் அகலம் வானத்தில் சுமார் 10 பாகை. சுண்டுவிரல் அகலம் 1 பாகை. அளவுகோல் எப்போதும் கையிலேயே இருக்கிறது. ஸ்டெல்லேரியம் என்ற இலவச மென்பொருளில் உங்கள் இடத்தையும் நேரத்தையும் கொடுத்தால் அன்றைய வானம் அப்படியே திரையில் வரும்.

பைனாகுலரே போதும்னு சொல்றாங்களே, நிஜமா?

பாதி நிஜம். 7x50 அல்லது 10x50 என்று எழுதியிருக்கும் பைனாகுலர் (முதல் எண் எத்தனை மடங்கு, இரண்டாவது முன் லென்ஸின் விட்டம் மில்லிமீட்டரில்) கார்த்திகைக் கொத்தை ஆறு ஏழு புள்ளியிலிருந்து பல டஜன் நட்சத்திரங்களாக மாற்றிவிடும். நிலவின் பெரிய பள்ளங்கள் தெரியும். சுவரில் சாய்ந்து கை ஆடாமல் பிடித்தால் வியாழனின் நிலவுகள்கூடத் தெரியும். கார்த்திகையை டெலஸ்கோப்பைவிடப் பைனாகுலரில் பார்ப்பதுதான் அழகு. முழுக் கொத்தும் ஒரே பார்வையில் அடங்கும்.

சனியின் வளையம் மட்டும் அதில் கிடைக்காது. அதற்கு டெலஸ்கோப் வேண்டும். இந்த ஆர்வம் நிலைக்குமா என்று உங்களுக்கே சந்தேகம் இருந்தால் பைனாகுலர் வாங்குங்கள். ஆர்வம் போய்விட்டாலும் வேறு எதற்காவது பயன்படும்.

இதுல எவ்வளவு தூரம் தெரியும்?

நல்ல இருட்டான இடத்தில் நின்றால் வெறும் கண்ணுக்கே ஆண்ட்ரோமெடா கேலக்ஸி மங்கலான தீற்றலாகத் தெரியும். அது 25 லட்சம் ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. கண்ணுக்கே அவ்வளவு தூரம் எட்டும்போது, தூரத்தை வைத்து டெலஸ்கோப்பை அளப்பதில் அர்த்தமில்லை. எவ்வளவு ஒளியைச் சேர்க்கிறது என்பதே கேள்வி.

இருட்டில் நம் கண்பாவை அதிகபட்சம் 7 மி.மீ. விரியும். 130 மி.மீ. விட்டமுள்ள டெலஸ்கோப்பின் பரப்பு அதைவிடச் சுமார் 345 மடங்கு. அதாவது ஒற்றைக் கண்ணுக்குள் 345 கண்களின் ஒளி. விட்டம் இரட்டித்தால் ஒளி நான்கு மடங்காகும். பெட்டியில் எத்தனை எண்கள் போட்டிருந்தாலும் நீங்கள் முதலில் பார்க்கவேண்டியது இந்த விட்டத்தைத்தான்.

பெட்டியில 525 மடங்குன்னு போட்டிருக்கே, நல்ல டெலஸ்கோப்தானே?

என் முதல் டெலஸ்கோப்பின் பெட்டியிலும் இதே 525 இருந்தது. அந்த எண் வந்த கணக்கு இது: டெலஸ்கோப்பின் குவியத்தூரத்தை (லென்ஸிலிருந்தோ ஆடியிலிருந்தோ ஒளி குவியும் இடம் வரை உள்ள தூரம்) ஐபீஸின், அதாவது கண் வைத்துப் பார்க்கும் சின்ன லென்ஸின், குவியத்தூரத்தால் வகுத்தால் உருப்பெருக்கம். 700 மி.மீ. குழாயில் 4 மி.மீ. ஐபீஸ் போட்டால் 175. அதன்மேல் மூன்று மடங்கு பார்லோ லென்ஸைச் செருகினால் 525. கணக்கில் பொய் இல்லை. ஆனால் அந்தக் குழாயின் விட்டம் 60 மி.மீ. தான். 525-இல் நிலவைப் பார்த்தேன். நீருக்கடியில் கிடக்கும் சாம்பல் துணி மாதிரி இருந்தது.

நடைமுறை வரம்பு எளிது: மில்லிமீட்டரில் விட்டம் எவ்வளவோ, அதில் இரண்டு மடங்கு. 60 மி.மீ.க்கு 120, 130 மி.மீ.க்கு 260. அதற்கு மேல் போனால் பெரிதாகும், கூடவே மங்கும், குழம்பும். 260-ஐயும் காற்று பல இரவுகளில் அனுமதிக்காது. நான் பெரும்பாலும் 30-க்கும் 150-க்கும் இடையில்தான் பார்க்கிறேன். பெட்டியில் மடங்கை மட்டும் பெரிய எழுத்தில் போட்டு விட்டத்தைச் சின்ன எழுத்தில் போட்டிருந்தால், அந்தப் பெட்டியைக் கீழே வைத்துவிடுங்கள்.

லென்ஸ் வெச்சதா, கண்ணாடி வெச்சதா?

லென்ஸ் டெலஸ்கோப்புக்குப் பராமரிப்பு குறைவு, எடுத்து வைத்ததும் பார்க்கலாம். ஆனால் விட்டம் கூடக்கூட விலை எகிறும். எளிய லென்ஸ்களில் நிலவின் விளிம்பிலும் வியாழனைச் சுற்றியும் ஊதா நிற ஓரம் ஒட்டிக்கொண்டிருக்கும், ஏனென்றால் லென்ஸ் ஒவ்வொரு நிறத்தையும் வெவ்வேறு இடத்தில் குவிக்கும். இந்த நிறத்தொல்லையைத் தவிர்க்கத்தான் நியூட்டன் 1668-இல் குழியாடி வைத்த டெலஸ்கோப்பைச் செய்தார். ஆடி எல்லா நிறத்தையும் ஒரே மாதிரி திருப்பும். அதே காசுக்குப் பெரிய விட்டமும் கிடைக்கும்.

முதல் டெலஸ்கோப்புக்கு என் சிபாரிசு 130 முதல் 150 மி.மீ. வரை உள்ள ஆடி வகை. வாங்கும்போது ஒரு பொறி மட்டும் கவனம். சில டெலஸ்கோப்களில் குவியத்தூரம் 1000 மி.மீ. என்று இருக்கும், குழாயோ அரை மீட்டர்தான் இருக்கும். உள்ளே, ஐபீஸைச் செருகும் ஃபோகஸர் குழாயில் ஒரு சின்ன லென்ஸை வைத்து நீளத்தைக் கூட்டியிருப்பார்கள். மலிவான தயாரிப்புகளில் இது பிம்பத்தைக் கெடுக்கும், ஆடிகளைச் சரிசெய்வதும் பெரும்பாடு. சாதாரண நியூட்டன் வகையில் குழாய் நீளமும் குவியத்தூரமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். குவியத்தூரம் விட்டத்தைப்போல ஐந்து மடங்கு மட்டுமே இருந்தால் ஆடி பரவளைய வடிவமா என்றும் கேளுங்கள். கோள வடிவ ஆடி அங்கே கூர்மை தராது.

ஸ்டாண்டுல என்ன இருக்கு, எதுவானா என்ன?

எல்லாமே அதில்தான் இருக்கிறது. 100 மடங்கில் பார்க்கும்போது ஸ்டாண்டின் நடுக்கமும் 100 மடங்காகும். ஃபோகஸ் திருகில் விரல் வைத்ததுமே வியாழன் நெளிகிறது, கையை எடுத்து ஐந்து விநாடி காத்திருந்தால்தான் நிற்கிறது என்றால், எப்படிப்பட்ட லென்ஸ் இருந்தும் பிரயோசனம் இல்லை.

மூன்று வகை இருக்கின்றன. மேலும் கீழும், இடமும் வலமும் திரும்பும் சாதா முக்காலி. வானத்தின் சுழற்சிக்கு ஏற்பச் சாய்ந்திருக்கும் இக்குவடோரியல் மவுண்ட். தரையில் உட்காரும் பெட்டி போன்ற டாப்சோனியன். கடைசியைப் பிரபலமாக்கியவர் ஜான் டாப்சன். வேதாந்த மடத்தில் துறவியாக இருந்தபோதே பழைய கண்ணாடியைத் தேய்த்து ஆடி செய்தவர். பிறகு 1968-இல் சான் பிரான்சிஸ்கோவில் நண்பர்களுடன் சேர்ந்து தெருவோர வானியல் குழு தொடங்கி, நடைபாதையில் போவோர் வருவோருக்கெல்லாம் வானம் காட்டியவர். ஒட்டுப்பலகைப் பெட்டி, வழுக்கும் நெகிழித் துண்டுகள், அவ்வளவுதான் அமைப்பு. பிடித்துத் தள்ளினால் நகரும், விட்டால் நிற்கும். புதிதாக ஆரம்பிப்பவருக்கு இதைவிட நல்லதை நான் பார்த்ததில்லை. இக்குவடோரியல் மவுண்டை துருவத்தை நோக்கிச் சரிசெய்ய வேண்டும். படம் எடுப்பவருக்கு அது தேவை, முதல் மாதத்தில் அது ஒரு தலைவலி.

பட்டனை அழுத்தினா தானா தேடிக்குமாமே, அது?

வேலை செய்யும். ஆனால் ஆரம்பத்தில் நீங்கள் இரண்டு மூன்று நட்சத்திரங்களை அடையாளம் காட்டினால்தான் அதற்குத் திசை புரியும். ரோகிணி என்று நினைத்துச் செவ்வாயைக் காட்டிவிட்டால் இரவு முழுக்கத் தப்பான இடத்துக்கே கூட்டிப்போகும். அதே காசில் மோட்டார் இல்லாமல் வாங்கினால் பெரிய விட்டம் கிடைக்கும். நகர வெளிச்சத்தில் வழிகாட்ட ஒரு நட்சத்திரம்கூடத் தெரியாத இடத்தில் இருப்பவருக்கு மட்டும் வாங்கச் சொல்வேன்.

வாங்கியாச்சு. ஆனா ஒண்ணுமே தெரியலை, ஒரே கறுப்பா இருக்கு!

அதிகம் வரும் போன் இதுதான். முதலில் மூடியைப் பாருங்கள். சிரிக்காதீர்கள். ஆடி டெலஸ்கோப்பின் பெரிய மூடியில் நடுவே சின்ன மூடி ஒன்று இருக்கும். நான் அந்தச் சின்னதை மட்டும் கழற்றிவிட்டு, ஏன் இவ்வளவு மங்கல் என்று ஒரு வாரம் யோசித்திருக்கிறேன். பெரியதையே கழற்ற வேண்டும்.

அடுத்தது ஃபைண்டர். டெலஸ்கோப்பின் முதுகில் இருக்கும் சின்னக் குழாய் அல்லது சிவப்புப் புள்ளி காட்டும் கருவி. அது பெரிய குழாய் பார்க்கும் இடத்தையே பார்க்கவேண்டும், பெட்டியிலிருந்து வரும்போது அப்படி இருக்காது. இதை இரவில் சரிசெய்ய முயலவே கூடாது. பகலில், சூரியனுக்கு எதிர்த்திசையில், ஒரு கிலோமீட்டராவது தள்ளியிருக்கும் கம்பத்தின் உச்சியோ கோபுர நுனியோ ஒன்றைப் பிடியுங்கள். 25 மி.மீ. ஐபீஸைப் போட்டு, பெரிய குழாயில் அதை நடுவுக்குக் கொண்டுவந்து, பிறகு குழாயைத் தொடாமல் ஃபைண்டரின் திருகுகளை மட்டும் திருகி அதே நுனியைக் குறுக்குக்கோட்டில் நிறுத்துங்கள். பத்து நிமிட வேலை. இதைச் செய்யாதவர்கள்தான் மாதக்கணக்கில் கறுப்பைப் பார்க்கிறார்கள்.

மூன்றாவது ஐபீஸ். எண் பெரிதாக இருந்தால் உருப்பெருக்கம் குறைவு. 650 மி.மீ. குழாயில் 25 மி.மீ. ஐபீஸ் 26 மடங்கு, 10 மி.மீ. ஐபீஸ் 65 மடங்கு. தேடுவது எப்போதும் 25-இல். கண்டுபிடித்து நடுவில் வைத்தபிறகுதான் 10. பார்லோவைப் பெட்டியிலேயே விட்டுவிடுங்கள், அதற்கு இன்னும் நாள் இருக்கிறது.

பெருசா ஒரு வட்டம் தெரியுது, நடுவுல கறுப்பு ஓட்டை. ஏதாவது கிரகமா?

ஃபோகஸ் ஆகாத நட்சத்திரம். அந்த ஓட்டை உங்கள் டெலஸ்கோப்பின் குழாய்க்குள் இருக்கும் சின்ன ஆடியின் நிழல். ஃபோகஸ் திருகை வட்டம் சிறுக்கும் பக்கமாக மெதுவாகத் திருகுங்கள், வட்டம் சுருங்கிப் புள்ளியாகும்.

சரியாக ஃபோகஸ் ஆனபிறகும் நட்சத்திரம் புள்ளியாகவேதான் இருக்கும், எத்தனை மடங்கு போட்டாலும். அவ்வளவு தூரம். வட்டமாகத் தெரிவது கோள்கள் மட்டும். "நட்சத்திரம் பெருசாவே ஆகலையே" என்பவர்களை இரட்டை நட்சத்திரத்துக்குக் கூட்டிப்போவேன். சப்தரிஷி மண்டலத்தின் வசிட்டர் பக்கத்தில் அருந்ததி இருப்பது கண்ணுக்கே தெரியும். டெலஸ்கோப்பில் பார்த்தால் அந்த வசிட்டரே இரண்டு. சிக்னஸ் நட்சத்திரக் கூட்டத்தில் உள்ள அல்பிரியோ இன்னும் அழகு, ஒன்று பொன்னிறம், பக்கத்திலேயே நீலம்.

எல்லாம் தலைகீழாத் தெரியுது, பழுதா?

பழுதில்லை. நியூட்டன் வகையில் அப்படித்தான் தெரியும். விண்வெளியில் மேல் ஏது, கீழ் ஏது? கையை வலப்பக்கம் தள்ளினால் பிம்பம் எதிர்ப்பக்கம் ஓடுவதுதான் முதல் சில நாள் எரிச்சலாக இருக்கும். ஒரு வாரத்தில் கை பழகிவிடும்.

முதல் நாள் எதைப் பார்க்கலாம்?

நிலவு. ஆனால் பௌர்ணமி நிலவு வேண்டாம். அன்று சூரிய ஒளி நேராக விழுவதால் நிழலே இருக்காது, தட்டையாகவும் கண் கூசும்படியும் இருக்கும். வளர்பிறை அஷ்டமியை ஒட்டிப் பாருங்கள். ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டில்தான் எல்லாம் நடக்கிறது. அங்கே சூரியன் அப்போதுதான் உதிக்கிறது. பள்ளங்களுக்குள் மை ஊற்றிய மாதிரி நிழல் நிற்கும், நடுவிலிருக்கும் மலைச்சிகரம் மட்டும் வெயில் பட்டுத் தனியாக மின்னும். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பப் பார்த்தால் இருட்டுக்குள் புதிதாக ஒரு புள்ளி ஒளிர்ந்திருக்கும், இன்னொரு சிகரத்தில் விடிந்துவிட்டது என்று அர்த்தம். அஷ்டமிக்கு அடுத்த ஓரிரு நாளில் கோப்பர்னிக்கஸ் என்ற பள்ளம் அந்தக் கோட்டுக்கு வரும். குறுக்களவு 93 கி.மீ., சுவர்கள் படிப்படியாகச் சரிந்திருப்பது சின்ன டெலஸ்கோப்பிலேயே தெரியும்.

அதிக மடங்கில் பார்க்கும்போது நிலவு மெல்ல நழுவிக்கொண்டே போகும். நழுவுவது பூமி. மணிக்கு 15 பாகை சுழல்வதால், 100 மடங்கில் ஒரு பொருள் பார்வையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு இரண்டு நிமிடத்தில் போய்விடும். ஓரத்தில் வைத்து, நடுவைக் கடந்து போவதைப் பார்த்து, மறுபடி இழுத்துவிடுங்கள்.

சனியோட வளையம் நிஜமாவே தெரியுமா?

தெரியும். 30 மடங்கிலேயே வளையம் என்று புரியும், 100-இல் கோளுக்கும் வளையத்துக்கும் இடைவெளி தெரியும். சின்னதாகத்தான் இருக்கும், மூக்குத்திக் கல் அளவுக்கு. ஆனால் கூர்மையாக இருக்கும். ஒருமுறை ஒரு சிறுவன் பார்த்துவிட்டு எதுவும் பேசாமல் குழாயின் முன்பக்கம் போய் எட்டிப்பார்த்தான், உள்ளே படம் ஒட்டியிருக்கிறதா என்று.

ஒரு விஷயம்: வளையத்தின் சாய்வு வருடத்துக்கு வருடம் மாறும். 2025 மார்ச்சில் அது நமக்கு விளிம்பைக் காட்டி, மெல்லிய கோடாகவே இருந்தது. இனி மெல்ல விரிந்து 2032 வாக்கில் நன்றாகத் திறக்கும். 1610-இல் கலிலியோவுக்கு இது வளையம் என்றே புரியவில்லை, பக்கத்தில் இரண்டு துணைகள் இருப்பதாக நினைத்தார். சில வருடத்தில் அவை காணாமல் போனதும் குழம்பினார். வளையம் என்று 1650-களில் சொன்னவர் டச்சு வானியலாளர் ஹைகன்ஸ். முதல் பார்வையில் உங்களுக்கும் காது வைத்த உருண்டையாகத் தெரிந்தால் கவலை வேண்டாம், கலிலியோவுக்கும் அப்படித்தான் தெரிந்தது.

வியாழனும் ஏமாற்றாது. நான்கு நிலவுகள் ஒரே கோட்டில், தினம் ஒரு வரிசையில் நிற்கும். கோளின் மேல் இரண்டு பழுப்புப் பட்டைகள். அதன் ஒரு நாள் 10 மணி நேரத்துக்கும் குறைவு, அதனால் மாலையில் பார்த்ததும் நள்ளிரவில் பார்ப்பதும் வேறு முகம். வெள்ளியில் மேகம் தவிர ஒன்றும் தெரியாது, ஆனால் நிலவைப்போல் பிறையாகும்.

செவ்வாய் மட்டும் ஏன் இவ்வளவு சப்புன்னு இருக்கு?

சின்னக் கோள், பெரும்பாலும் தூரத்தில் இருக்கும். சுமார் 26 மாதத்துக்கு ஒருமுறைதான் பூமிக்கு அருகே வரும். அந்தச் சில வாரங்களில் துருவத்தின் வெள்ளைத் தொப்பியும் கரும் திட்டுகளும் பிடிபடலாம். மற்ற நாட்களில் ஆரஞ்சுப் பொட்டு. உங்கள் கருவியில் குறை இல்லை.

படத்துல பார்த்த கலர் எங்கே? எனக்கு வெறும் சாம்பல் புகைதான் தெரியுது.

இதை வாங்குவதற்கு முன்பே சொல்லிவிடுவது என் வழக்கம். ஓரியன் நெபுலாவின் (விண்வெளியில் ஒளிரும் வாயு மேகம்) சிவப்பும் ஊதாவும் கேமரா நீண்ட நேரம் ஒளியைச் சேர்த்து எடுத்தவை. மங்கிய ஒளியில் நம் கண்ணின் நிறம் பிரிக்கும் செல்கள் வேலை செய்யாது, கறுப்பு வெள்ளை செல்கள் மட்டுமே விழித்திருக்கும். அதனால் சாம்பல், சிலருக்கு லேசான பச்சை.

கொஞ்சம் பயிற்சி இருந்தால் அந்தச் சாம்பலிலேயே நிறையத் தெரியும். முதலில் கண்ணை இருட்டுக்குப் பழக்குங்கள், 20 முதல் 30 நிமிடம் ஆகும். நடுவில் ஒரே ஒரு முறை போனை எடுத்துப் பார்த்தாலும் மறுபடி முதலிலிருந்து. வெளிச்சம் தேவைப்பட்டால் மங்கிய சிவப்பு விளக்கு. இரண்டாவது, மங்கலானதை நேராகப் பார்க்காதீர்கள். அதற்குச் சற்றுத் தள்ளி ஒரு இடத்தைப் பார்த்துக்கொண்டு கவனத்தை மட்டும் இதன்மேல் வையுங்கள், ஏனென்றால் அந்தக் கறுப்பு வெள்ளை செல்கள் விழித்திரையின் நடுவில் இல்லை, சுற்றிலும் இருக்கின்றன. நேராகப் பார்த்தால் மறைந்து, ஓரக்கண்ணால் பார்த்தால் தோன்றும் இந்த விளையாட்டு கைவந்துவிட்டால், ஓரியன் நெபுலா இரண்டு இறக்கை விரிக்கும், அதன் நடுவே நான்கு குட்டி நட்சத்திரங்கள் சரிவகமாக நிற்பதும் தெரியும். ஒளி கிளம்பி 1,300 ஆண்டுக்கும் மேல் ஆகிறது, உங்கள் அரைமணி நேரம் பெரிதில்லை.

எங்க ஊர்ல ஒரே லைட் வெளிச்சம். வாங்கி வேஸ்ட்டா?

நிலவு, கோள்கள், இரட்டை நட்சத்திரங்கள் இவற்றுக்கு ஊர் வெளிச்சம் பெரிய தடையே இல்லை. அடிபடுவது நெபுலாவும் தூரத்து கேலக்ஸிகளும்தான். அவற்றுக்கு வருடத்தில் நாலைந்து முறையாவது அமாவாசையை ஒட்டி ஊரை விட்டு வெளியே போகவேண்டும். தெருவிளக்கு நேராகக் கண்ணில் அடிப்பதுதான் பிரச்சினை என்றால் தலையில் ஒரு கறுப்புத் துணியைப் போர்த்திக்கொள்ளுங்கள். பார்க்கிறவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள், பழகிவிடும்.

வெளியே போகாம ஜன்னல் வழியா பார்த்தா என்ன?

சாத்திய ஜன்னல் கண்ணாடி பிம்பத்தை வளைக்கும். திறந்து வைத்தால் அறையின் சூட்டுக்காற்று வெளியேறும் இடம் அதுதான், பிம்பம் கொதிக்கும் தண்ணீருக்குள் கிடப்பது போல நெளியும். டெலஸ்கோப்பும் அப்படியே. வீட்டுக்குள்ளிருந்து எடுத்து வந்ததும் ஆடியின் சூடு தணிய அரைமணி நேரம் விடுங்கள், பெரிய ஆடி என்றால் இன்னும் அதிகம். கூரைகளுக்கு மேலே தாழ்வாக இருக்கும் கோளைவிட, உச்சிக்கு ஏறிய கோள் எப்போதும் தெளிவு. நட்சத்திரங்கள் படபடவென்று மின்னும் இரவு கோள்களுக்கு மோசமான இரவு. அன்று மடங்கைக் குறைத்துக்கொண்டு கொத்துகளைப் பாருங்கள்.

மூக்குக்கண்ணாடியைக் கழட்டணுமா?

கிட்டப்பார்வை, தூரப்பார்வை மட்டும்தான் என்றால் கழற்றிவிட்டு ஃபோகஸைத் திருகினால் போதும். அடுத்தவர் பார்க்கும்போது அவர் திரும்பத் திருகிக்கொள்ளட்டும். சிதறல் பார்வை அதிகம் உள்ளவர்கள் போட்டுக்கொண்டே பார்ப்பது நல்லது.

சூரியனைப் பார்க்கலாமா?

முன்பக்கம் முழுவதையும் மூடும், இதற்கென்றே செய்த வடிகட்டி இருந்தால் மட்டும். இல்லாமல் ஒரு நொடி பார்த்தாலும் பார்வை போய்விடும். விழித்திரைக்கு வலி தெரியாது, எரிந்தது பிறகுதான் தெரியவரும். ஐபீஸுக்குள் திருகும் சின்ன சூரிய வடிகட்டி பழைய பெட்டிகளில் கிடந்தால் உடனே உடைத்துப் போடுங்கள். குவிந்த வெப்பத்தில் அது விரிசல் விடும், அப்போது உங்கள் கண் சரியாக அங்கே இருக்கும். எக்ஸ்ரே படம், புகை படிந்த கண்ணாடி, இரண்டு கூலிங்கிளாஸ் எதுவும் வேண்டாம்.

நல்ல வடிகட்டியானாலும் ஒவ்வொரு முறையும் விளக்குக்கு முன்னால் பிடித்து ஊசித்துளை இருக்கிறதா என்று பாருங்கள், காற்றில் பறக்காதபடி ஒட்டுங்கள், ஃபைண்டரைக் கழற்றி வையுங்கள் அல்லது மூடுங்கள். இவ்வளவையும் செய்தால் சூரியப்புள்ளிகள் நாளுக்கு நாள் நகர்வதைப் பார்க்கலாம். 2032 நவம்பர் 13 அன்று புதன் சூரியனைக் குறுக்கே கடக்கும், அதற்கும் தயாராக இருக்கலாம். குழந்தைகள் இருக்கும் இடத்தில் பகலில் டெலஸ்கோப்பைத் தனியே விட்டுப் போகாதீர்கள்.

போன்ல படம் எடுக்க முடியுமா?

நிலவு தாராளமாக முடியும். ஐபீஸில் போனைப் பிடிக்கும் கிளிப் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், கையால் பிடித்தால் பாதி நேரம் கேமரா ஓட்டையைத் தேடுவதிலேயே போகும். வெளிச்ச அளவைக் கையால் குறையுங்கள், இல்லாவிட்டால் வியாழன் வெறும் வெள்ளை உருண்டையாக விழும். கோளை வீடியோவாக எடுத்து, நல்ல ஃபிரேம்களை மென்பொருளில் அடுக்கினால் பட்டைகள் வரும். நெபுலாப் படம் வேறு உலகம். அதற்கு வானத்தைப் பின்தொடரும் மோட்டார் மவுண்ட் வேண்டும், செலவு டெலஸ்கோப்பைத் தாண்டிவிடும். முதல் வருடம் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

ஆடியில தூசி படிஞ்சிருக்கு, துடைக்கலாமா?

கூடாது. ஆடியின் பூச்சு கண்ணாடியின் மேல்பக்கத்தில் இருக்கிறது, மிக மெல்லியது. சட்டை நுனியால் ஒரு இழுப்பு இழுத்தால் தூசியே அதைக் கீறிவிடும். லேசான தூசி பிம்பத்தை ஒன்றும் செய்யாது. டார்ச் அடித்துப் பார்த்தால் எந்த ஆடியும் பயங்கரமாகத்தான் தெரியும், அடிக்காதீர்கள். பனி படிந்தால் மூடி போடாமல் உலரவிட்டுப் பிறகு மூடுங்கள், ஈரத்தோடு மூடினால் பூஞ்சை வரும்.

முன்னெல்லாம் கூர்மையா இருந்தது, இப்ப நட்சத்திரத்துக்கு வால் முளைச்சிருக்கு.

ஆடிகள் நேர்க்கோட்டிலிருந்து விலகியிருக்கின்றன. தூக்கி எடுத்துப்போனால் இப்படி ஆகும், கெட்டுப்போகவில்லை. ஏதாவது ஒரு நட்சத்திரத்தை நடுவில் வைத்து ஃபோகஸைக் கொஞ்சம் கலையுங்கள். முன்னே சொன்ன கறுப்பு ஓட்டை நடுவில் இருந்தால் சரி, ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால் சரிசெய்ய வேண்டும். பெரிய ஆடியின் பின்னால் மூன்று திருகுகள் இருக்கும். ஒன்றைக் கால் சுற்றுச் சுற்றி, நட்சத்திரத்தை மறுபடி நடுவுக்குக் கொண்டுவந்து பாருங்கள். ஓட்டை நடுவுக்கு வந்தால் நல்லது, இன்னும் விலகினால் எதிர்ப்பக்கம் திருகுங்கள். முதல் முறை ஒரு மணி நேரம் ஆகும், பத்தாவது முறை இரண்டு நிமிடம்.

நிலவுல நட்ட கொடி தெரியுமா?

தெரியாது, உலகில் எந்த டெலஸ்கோப்பிலும் தெரியாது. 200 மி.மீ. டெலஸ்கோப்பில் நிலவில் சுமார் ஒரு கிலோமீட்டருக்குக் குறைந்த பள்ளம் பிடிபடாது. 3,84,400 கி.மீ. தூரத்தில் ஒரு மீட்டர் துணியைப் பிரித்துக்காட்ட 200 மீட்டருக்கும் மேல் விட்டமுள்ள ஆடி வேண்டும். சிலியில் கட்டிக்கொண்டிருக்கும் மிகப் பெரியதே 39 மீட்டர்தான். நிலவைச் சுற்றும் விண்கலங்கள் அருகே போய் எடுத்த படங்களில் இறங்குகலங்களின் அடிப்பாகம் தெரிகிறது.

அடுத்து எந்த ஐபீஸ் வாங்கலாம்?

மூன்று மாதம் கழித்து இதே கேள்வியைக் கேளுங்கள். அதற்குள் எது குறைகிறது என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். பெரும்பாலும் கோள்களுக்கு 6 மி.மீ. அளவில் ஒன்று (650 மி.மீ. குழாயில் 108 மடங்கு) வாங்கினால் நெடுநாள் போதும். பெட்டியோடு வந்த 4 மி.மீ. ஐபீஸை மறந்துவிடுங்கள், அதன் துளை கண்ணிமைகூட நுழையாத அளவுக்குச் சின்னது.

நிலா, சனி, வியாழன் எல்லாம் பார்த்தாச்சு. இனி என்ன?

மெசியே பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். வால்நட்சத்திரம் தேடியவரான சார்ல் மெசியே, வால்நட்சத்திரம் என்று ஏமாற்றும் மங்கலான பொருள்களைக் குறித்துவைத்தார். இன்று அது 110 பொருள்கள். அதில் பலவற்றை 130 மி.மீ.யில் பிடித்துவிடலாம். ஒரு நோட்டில் தேதி போட்டுப் பார்த்ததை வரைந்து வையுங்கள். வரைய வராது என்றாலும் வரையுங்கள், வரைந்தால்தான் இவ்வளவு நேரம் கவனிக்காதது கண்ணில் படும்.

இல்லையென்றால் பழைய வியாழனுக்கே திரும்புங்கள், இந்த முறை நேரம் பார்த்து. அயோ என்ற நிலவு 42 மணி நேரத்துக்குச் சற்று மேல் ஒரு சுற்று சுற்றுகிறது, ஒவ்வொரு சுற்றிலும் வியாழனின் நிழலுக்குள் போய் மறையும். இந்த மறைவு சில மாதங்கள் சீக்கிரமாகவும் சில மாதங்கள் தாமதமாகவும் நடப்பதைக் கவனித்துத்தான், ஒளிக்கும் பயண நேரம் உண்டு என்று டேனிஷ் வானியலாளர் ஓலே ரோமர் 1676-இல் சொன்னார். மறையும் நேரத்தை ஸ்டெல்லேரியத்திலேயே ஓட்டிப் பார்த்துக் குறித்துக்கொள்ளலாம். பத்து நிமிடம் முன்பாகவே ஐபீஸில் கண்ணை வையுங்கள். சட்டென்று அணையாது. முதலில் மங்குவது போலத் தோன்றும், நம் கண்தான் சோர்ந்துவிட்டதோ என்று பக்கத்து நிலவைப் பார்ப்போம், அது அப்படியே இருக்கும். திரும்பி வருவதற்குள் அயோ இருந்த இடம் காலியாகியிருக்கும்.